கோப்பி மெஷினுக்குத் தண்ணீர்: ஜக்கா, கேனா, நேர்க்குழாயா?

வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கியவர்கள் முதல் மாதம் பால் நுரையைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் கொட்டை அரைப்பதைப் பற்றி. ஆறு மாதம் போனால் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "ஒவ்வொரு நாளும் தாங்கியை நிரப்பி அலுத்துப்போச்சு. நேராகப் பைப்பில் கொழுவிவிடலாமா?"

அண்மையில் கொழும்புப் பக்கம் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். ஒருவர் வெள்ளவத்தையில் ஏழாம் மாடி ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறார். மற்றவருக்குத் தெஹிவளையில் சொந்தமாக நிலத்தோடு வீடு. மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் வீட்டின் முன்பகுதியில் சின்ன அலுவலகம் நடத்துகிறார். மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன்.

என் பதிலில் சூடு கண்ட பூனையின் பயமும் கொஞ்சம் கலந்திருக்கும். முதன்முதலில் என் மெஷினுக்கு லைன் இழுத்தபோது, சிங்குக்குக் கீழே பிவிசி எல்போவுக்குள் பித்தளை நிப்பிளை முறுக்கினேன். இறுகிவிட்டது என்று தெரிந்தும், மனத்திருப்திக்காக இன்னும் அரைச் சுற்று. இரண்டரைக் கிழமை ஒரு சொட்டும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பினால், கீழ் வீட்டு அன்ரி எங்கள் வாசலில் நிற்கிறார். "தம்பி, உங்கட குசினியில பைப் ஏதும் திறந்து கிடக்குதோ? எங்கட சாமியறைக்கு மேலால சொட்டுது." படங்களை எல்லாம் கழற்றிக் கட்டிலில் அடுக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். எல்போவைக் கழற்றிப் பார்த்தால் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அரை அங்குலம்கூட இல்லை. அன்ரி வீட்டுச் சீலிங்குக்குப் பெயின்ற் அடித்த செலவில் எனக்கு இன்னொரு லைன் முழுதாக இழுத்திருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

மெஷினால் முடியுமா? இதுதான் முதலில். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது வைப்ரேஷன் பம்ப், அதாவது வேலை செய்யும்போது 'ர்ர்ர்' என்று அதிரும் சின்னப் பம்ப். அது தாங்கியில் இருந்து உறிஞ்சுவதற்காகச் செய்தது. அழுத்தமுள்ள குழாயில் அதைக் கொழுவினால் பம்ப் நின்றிருக்கும்போதும் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ரோட்டரி பம்ப், அதாவது சுழன்று ஓடும் பம்ப், உள்ள மெஷின்களில் பலவற்றுக்கு நேர்க்குழாய் பூட்ட இடம் விட்டிருப்பார்கள். பின்புறம் அல்லது அடியில் 3/8 அங்குல நுழைவாயும், தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில் மாற்றும் வால்வும் இருக்கிறதா பாருங்கள். கையேட்டில் நேர்க்குழாய் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் பேச்சு முடிந்தது. தாங்கிக்குள் மிதவை வால்வு வைத்துத் தானாக நிரப்பும் ஏற்பாட்டைச் சிலர் செய்கிறார்கள். மிதவை ஒருநாள் சிக்கினால் தண்ணீர் மெஷினின் மின்பாகங்களுக்கு மேலாகவே வழியும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒழுகினால் எவ்வளவு ஒழுகும்? ஒழுகுமா என்று கேட்பதில் பயனில்லை. றப்பர் வோஷர் என்றால் ஒருநாள் ஒழுகும். எவ்வளவு என்பதே கேள்வி. கழன்றுபோன ஒரு மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 2 லீற்றர் என்று வைத்தாலும், நீங்கள் வேலைக்குப் போய்வரும் 8 மணி நேரத்தில் 960 லீற்றர். மொட்டை மாடியில் இருக்கும் 1000 லீற்றர் தாங்கி கிட்டத்தட்ட முழுதும் உங்கள் குசினிக்கு வந்துவிடும். என் எடையில் இதற்குத்தான் பாதி மதிப்பெண்.

தண்ணீர் எப்படிப்பட்டது? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளை ஓடு நன்றாகத் தெரியும். கொழும்பில் அந்தக் கவலை குறைவு. அம்பத்தளையில் சுத்திகரிக்கும் களனி ஆற்றுத் தண்ணீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீரும் மென்னீர்தான். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு சுண்ணாம்பு நீக்கும் விலையுயர்ந்த ஃபில்டர் வாங்குவது இங்கே பெரும்பாலும் வீண். நமக்குத் தேவை இரண்டு: குளோரின் மணத்தை எடுக்கும் கார்பன், துருவையும் மண்ணையும் பிடிக்கும் 5 மைக்ரோன் ஃபில்டர்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடும் வரட்சியில் கடல்நீர் களனிக்குள் ஏறிவரும். அதைத் தடுக்கத்தான் அம்பத்தளையில் ஆற்றுக்குக் குறுக்கே உவர்நீர்த் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீரில் குளோரைட் கூடினால் துருப்பிடிக்காத எஃகு பொய்லரையும் அரிக்கும். கார்பன் ஃபில்டர் அதைப் பிடிக்காது. கடலோரத் தொடர்மாடிகளில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரையும் மேல்தாங்கிக்கு ஏற்றுகிறார்களா என்று காவலாளியிடம் கேட்டுவையுங்கள். ஆம் என்றால் அந்த லைனை மறந்துவிடுங்கள்.

அழுத்தம். தாங்கியின் நீர்மட்டம் உங்கள் குசினியை விட 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார். ஆகவே ஏழு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்காரருக்கு 1.5 பார் வரும். மேல் மாடிக்காரருக்கு 0.3 வந்தாலே பெரிது. ரோட்டரி மெஷின்கள் பலவற்றுக்கு 2 முதல் 3 பார் நல்ல அளவு. கையேட்டில் உள்ள எண்தான் முடிவானது.

இவற்றோடு நாளுக்கு எத்தனை கோப்பை, வீடு யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஜக்கால் நிரப்புவது

பெருமையில்லாத வழி, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுவுவதையும் நீராவியையும் சேர்த்து ஒரு கோப்பைக்கு 200 மில்லிலீற்றர். நாளுக்கு ஆறு கோப்பை போட்டால் 1.2 லீற்றர். மெஷின் தாங்கி 2.5 லீற்றர் என்றால் இரண்டு நாளைக்கு ஒருதடவை நிரப்பினால் போதும். இந்த ஒரு நிமிட வேலைக்காகச் சுவரில் துளை போடப்போகிறோமா?

ஒழுகினால் அதிகபட்சம் இரண்டரை லீற்றர், ஒரு துணியால் துடைத்துவிடலாம். தண்ணீர் நீங்கள் ஊற்றுவதுதான் என்பதால் உவர்நீர்க் காலத்தில் போத்தல் தண்ணீருக்கு மாறுவதும் சுலபம். தாங்கி வெறுமையானால் பல மெஷின்கள் தாமே நின்றுவிடும்.

மறைந்த செலவு நேரமும் சோம்பலும்தான். கொழும்பு வெக்கையில் தாங்கிக்குள் வழுவழுப்பு சீக்கிரம் படியும். கிழமைக்கு ஒருமுறை கழுவாவிட்டால் மூடியைத் திறக்கும்போதே மணக்கும். மெஷின் அலுமாரிக்குக் கீழே இறுக்கமாக நின்றால் மூடியைத் திறக்க ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும். அந்த இழுவையில் கவுண்டர் கீறும், முதுகும் பிடிக்கும்.

நாளுக்கு எட்டுக் கோப்பைக்குக் குறைந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வைப்ரேஷன் பம்ப் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். அம்மாவைக் கேட்டால், மல்லிக் கோப்பிக்கு இந்த ஜக்கும் தேவையில்லை என்பார்.

## கேனும் பம்பும்

சிங்க் அலுமாரிக்குள் 19 லீற்றர் தண்ணீர்க் கேன். அதற்குள் ஒரு குழாய், பக்கத்தில் சின்ன டயபிரம் பம்ப், அங்கிருந்து மெஷினின் நேர்க்குழாய் வாய்க்கு ஒரு லைன். மெஷின் தண்ணீர் கேட்டதும் லைனில் அழுத்தம் இறங்கும், பம்ப் ஓடும். அழுத்தம் ஏறியதும் நிற்கும். இந்த வேலைக்கென்றே செய்த பம்புகள் 40 பிஎஸ்ஐ அளவில், அதாவது ஏறத்தாழ 2.8 பாரில் நிற்கும். மெஷினுக்கு அளவான எண்.

எனக்குப் பிடித்த வழி இதுதான். எது உடைந்தாலும் வெளியே வரக்கூடியது 19 லீற்றர். கேனுக்கடியில் விளிம்பு உயர்ந்த ஒரு பேசினும் தண்ணீர் பட்டால் கத்தும் ஒரு சின்ன அலார்மும் வைத்தால் அன்ரியின் சாமியறை தப்பும். நீர்வெட்டு அறிவித்தாலும் கோப்பிக்குக் குறையில்லை. வீடு மாறும்போது கேனோடு கிளம்பலாம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை.

தொல்லைகளும் இருக்கின்றன. பம்ப் 'குர்ர்' என்று சத்தம் போடும். காலை ஐந்தரைக்கு முதல் கோப்பி போடுகிறவர் வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசியுங்கள். லைனில் சின்ன அழுத்தச் சேமிப்புக் கலம் ஒன்றைச் சேர்த்தால், பம்ப் ஒவ்வொரு சொட்டுக்கும் ஓடி நிற்காது. மலிவான பம்புகள் கேன் வெறுமையானதும் தானாக நிற்பதில்லை, காற்றை இழுத்தபடி ஓடிச் சூடாகும். அதனால் பம்பையும் மெஷினையும் ஒரே சுவிச்சில் போடுங்கள். அது அணைந்தால் இரண்டும் அணைய வேண்டும். பிளக்கை அலுமாரியின் தரையில் வைக்காமல் மேலே பொருத்துங்கள். வயர் கீழே தொங்கி வளைந்து பிளக்குக்கு ஏறட்டும், அப்போது வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அது விழாத வீட்டில் தண்ணீரையும் கரண்டையும் ஓர் அலுமாரிக்குள் வைக்க வேண்டாம்.

அப்புறம் கேன் தண்ணீரைப் பற்றி. லேபலில் டி.டி.எஸ். எண்ணை, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள கனிமங்களின் அளவைப் பாருங்கள். சர்வதேச சிறப்புக் கோப்பிச் சங்கம் பரிந்துரைப்பது லீற்றருக்கு 75 முதல் 250 மில்லிகிராம், இலக்கு 150. மிகக் குறைந்த எண்ணுள்ள தண்ணீரில் கோப்பி வெறுமையாக இருக்கும், மெஷினுக்கும் வேறு சிக்கல் வரும். அதை ஆர்.ஓ. (நுண்சவ்வால் கனிமங்களையும் வடிக்கும் சுத்திகரிப்பான்) பகுதியில் சொல்கிறேன். கேனை வாங்கித்தான் நிரப்ப வேண்டும் என்றில்லை, கார்பன் ஃபில்டரில் வடித்த குழாய்த் தண்ணீரையும் ஊற்றலாம். எப்படியென்றாலும் நிறை 19 கிலோ. லிஃப்ட் நின்ற நாளில் ஏழாம் மாடிக்கு அதைத் தூக்கிப் பாருங்கள்.

## நேர்க்குழாய்

இதன் சுகத்தை மறுக்க முடியாது. தாங்கி கழுவுவது இல்லை, நிரப்புவது இல்லை. ரோட்டரி பம்ப் சத்தமின்றி ஓடும். சொட்டுத் தட்டுக்கும் ஒரு வடிகுழாய் பூட்டிவிட்டால் மெஷினைத் தொட வேண்டியது கோப்பி போட மட்டும். நாளுக்கு இருபது கோப்பை ஓடும் இடத்தில் வேறு வழி யோசிப்பதே வீண்.

ஆனால் பைப்பில் ஒரு டி-யைப் போட்டுக் குழாயை இழுப்பதோடு வேலை முடியாது. வரிசை இது: சுவர்ப் பக்கம் ஒரு போல் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடுவது), வலை, அழுத்தம் குறைக்கும் வால்வு, பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் நொன்-ரிட்டர்ன் வால்வு, 5 மைக்ரோன் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஓர் அழுத்தமானி, மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டாம் வால்வு. பழைய சோனகத் தெருவில் ஒரு காலை நேரம் அலைந்தால் அநேகமாக எல்லாம் கிடைக்கும்.

நொன்-ரிட்டர்ன் வால்வை 'மெஷினுக்குள்ளேயே இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். தெருவில் அழுத்தம் திடீரென்று விழும்போது பொய்லர்த் தண்ணீர் வீட்டின் குடிநீர் லைனுக்குள் திரும்ப இழுபடக் கூடாது. அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாவிட்டால், பகலில் 1 பாராகக் கிடக்கும் தெரு லைன் எல்லோரும் படுத்தபின் 3 ஆக ஏறும். ரோட்டரி பம்ப் அதன்மேல்தான் தன் அழுத்தத்தைச் சேர்க்கிறது. பகலில் 9 பாருக்குச் சரிசெய்த மெஷின் இரவில் 11 காட்டும், கோப்பியின் ருசியும் மாறும். ஆனால் அது குறைக்கும் வால்வு மட்டும்தான், கூட்டாது. மேல் மாடியில் 0.3 பாரோடு இருப்பவருக்குப் பூஸ்டர் பம்ப் தேவைப்படும், அது தனிச்செலவு.

பிளம்பரை அழைத்தால் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது மரை. ஐரோப்பிய மெஷின்களும் நம் கடைச் சாமான்களும் பிஎஸ்பி மரை. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினில் என்பிடி மரை இருக்கலாம். 3/8 அங்குலத்தில் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 19 பல், என்பிடிக்கு 18. முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "ஏறுது பாஸ், விடுங்க" என்று ஸ்பானர் போட்டால் பித்தளையே கிழியும். இரண்டாவது, தட்டையான வோஷர் உள்ள இடத்தில் டெஃப்லோன் டேப் சுற்றத் தேவையில்லை, வோஷர்தான் அங்கே அடைக்கிறது. பிளாஸ்டிக் மரைக்குள் பித்தளையை முறுக்கும்போது கையால் இறுக்கி, ஸ்பானரில் ஒரு சின்னத் திருப்பம், அவ்வளவுதான். அந்த அரைச் சுற்றின் விலை எனக்குத் தெரியும்.

பலர் கணக்கில் எடுக்காத ஆபத்து ஒன்று மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. பொய்லருக்குத் தண்ணீர் விடும், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனோயிட் வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினால் அது முழுதாக மூடாது. தாங்கி மெஷினில் பம்ப் நின்றதும் தண்ணீரும் நின்றுவிடும். நேர்க்குழாயில் லைன் அழுத்தமே இரவு முழுவதும் தண்ணீரைத் தள்ளும். பொய்லர் நிரம்பி, மேலே உள்ள காற்று வால்வாலும் நீராவிக் குழாயாலும் வழியும். இதற்கு நல்ல மருந்து, சுவர்ப் பக்கத்தில் கரண்ட் இல்லாவிட்டால் மூடியிருக்கும் வகைச் சொலனோயிட் வால்வு ஒன்றைப் போட்டு, மெஷினின் சுவிச்சோடு இணைப்பது. இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெஷின் அணைந்தால் தண்ணீரும் அணையும், கரண்ட் கட் ஆனாலும் அப்படியே. அதற்கு மேல், வெளியூர் போகும்போது போல் வால்வைக் கையால் மூடுங்கள்.

நீர்வெட்டு இன்னொரு கதை. நேர்க்குழாய்க்கு மாற்றியதும் பல மெஷின்களில் தாங்கியின் 'தண்ணீர் இல்லை' எச்சரிக்கை வேலை செய்யாது. வறண்டு ஓடும் ரோட்டரி பம்ப் கொஞ்ச நேரத்திலேயே பழுதாகும். தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் காற்றும் பிறகு பழுப்புத் தண்ணீரும் வரும். ஆகவே நீர்வெட்டு தொடங்குமுன் மெஷினை அணைத்து வால்வை மூடுங்கள். தண்ணீர் வந்ததும் சிங்க் பைப்பைத் திறந்து, தெளியும்வரை ஓடவிட்டு, அப்புறம் திறவுங்கள்.

மறைந்த செலவுகள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் உறை (உள்ளே மாற்றும் காட்ரிஜ்), ஃபில்டருக்கு இடம் கொடுக்கப் பாண்ட்ரி அலுமாரியில் வெட்டு, மாடி வீடென்றால் முகாமைத்துவக் குழுவின் அனுமதி. உள்ளூரில் உறை கிடைக்கும் 10 அங்குலச் சாதாரண ஃபில்டரையே போடுங்கள். 2022இல் இறக்குமதிச் சாமான் தட்டுப்பட்டபோது, ஒரே கம்பனியின் உறை மட்டும் பொருந்தும் ஃபில்டர்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் இரண்டு கிழமை விடுமுறைக்குப் பிறகு உள்ளே தேங்கிய தண்ணீர் நம்பக்கூடியதல்ல, சில லீற்றரை வெளியே விட்டபின் மெஷினைத் திறவுங்கள்.

## ஆர்.ஓ. லைனில் இருந்து

சிங்குக்குக் கீழே ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் அதிலிருந்து ஒரு டி எடுக்கத்தான் மனம் போகும். பெரும்பாலும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் கனிமம் மிகக் குறைவு. பொய்லரின் நீர்மட்டத்தை அறியும் ஊசி, தண்ணீரில் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் நிரம்பியதை உணர்கிறது. கனிமமில்லாத தண்ணீர் ஊசியைத் தொட்டாலும் அது உணராமல், மெஷின் மேலும் மேலும் நிரப்பும். அந்தத் தண்ணீர் உலோகத்தையும் அரிக்கும். கனிமம் சேர்க்கும் உறை ஒன்றை இடையில் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். இருந்தாலும் ஆர்.ஓ. சேமிப்புத் தாங்கி குறையக் குறைய அழுத்தமும் விழும், ரோட்டரி பம்ப் திணறும். ஒரு லீற்றருக்கு இரண்டு, மூன்று லீற்றர் கழிவும் போகும். மென்னீர் வரும் ஊரில் இந்தப் பாடு எதற்கு? கிணற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பும் வீட்டில் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஜக் | கேன் + பம்ப் | நேர்க்குழாய் | ஆர்.ஓ. |
|---|---|---|---|---|
| ஒழுகினால் | 2.5 லீற்றர் | 19 லீற்றர் | மூடும்வரை | மூடும்வரை |
| வைப்ரேஷன் பம்ப் மெஷின் | சரி | இல்லை | இல்லை | இல்லை |
| நீர்வெட்டில் | பிரச்சினையில்லை | பிரச்சினையில்லை | பம்புக்கு ஆபத்து | தாங்கி உள்ளவரை |
| வாடகை வீடு | சரி | சரி | அனுமதி வேண்டும் | அனுமதி வேண்டும் |
| தொடர்ச் செலவு | இல்லை | கேன் | ஃபில்டர் உறை | உறைகள், கழிவுநீர் |
| நாளுக்கு | 8 கோப்பை வரை | 8 முதல் 15 | 15க்கு மேல் | விசேட நிலை |

வெள்ளவத்தை ஏழாம் மாடிக்காரருக்குக் கேன். அவர் கேட்டது நேர்க்குழாய்தான், ஆனால் மேல் மாடி அழுத்தமும் வாடகை வீடும் சேர்ந்து அதை அடைத்துவிட்டன. தெஹிவளைக்காரர் நாளுக்கு நாலு கோப்பைதான் குடிக்கிறார். நிலத்தோடு வீடு, சொந்த வீடு, எல்லாம் பொருந்துகிறது, இருந்தும் ஜக் போதும் என்றேன். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். கொட்டாஞ்சேனைக்காரரின் அலுவலகம் கீழ்த்தளத்தில், குசினித் தரையில் நீர் வடியும் வாய் இருக்கிறது, ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் கோப்பை. அவருக்கு நேர்க்குழாய், சொலனோயிட் வால்வோடு.

அவருக்கு லைன் பூட்டி முடித்த அன்று செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் நன்றாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த டிசுத் தாள் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் டிசுவில் வட்டமாகத் தெரியும். அடுத்த நாள் காலையில் டோர்ச் அடித்துப் பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடியும். ஈரம் பட்ட இணைப்பை இன்னும் இறுக்கப் போகாமல், கழற்றி வோஷரைப் பாருங்கள். அநேகமாக அது கோணலாக உட்கார்ந்திருக்கும்.